மூன்று பேர் இருந்தால்தான் குழு

அக்கா, அந்தக் கூடையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? ஆங், போதும், இடம் இருக்கு. ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க, எனக்குக் காற்று முகத்தில் அடித்தால் பேச வராது. என்ன, கூடையில மாலையெல்லாம் இருக்கு? கோயிலுக்கா? நல்லது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அதைப் பற்றி வேண்டுமானால் அப்புறம் வாதாடலாம்.

இந்த பஸ் மூலக்கரடு போகுமில்ல? கண்டக்டர் போகும்னார். ஆனா அவர் எதைக் கேட்டாலும் தலையாட்டறார், அதான் உங்ககிட்ட கேக்கறேன்.

என்னக்கா அப்படிப் பார்க்கறீங்க? மூலக்கரட்டில் எனக்கு யாரும் இல்லை. நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஆனால் அந்த ஊரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேன். நாடாளுமன்றத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் அந்த ஊருக்காக நின்றவள் நான். இருங்க, இருங்க, ஏதோ சொல்ல வர்றீங்க, தெரியுது. முதலில் நான் சொல்லி முடித்துவிடுகிறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வராமல் இருந்தாலே இந்த நாட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

என் பெயர் நிறைமதி. சேலத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் வருடம். அப்பா வக்கீல். கோர்ட்டில் யாரையும் விடமாட்டார், வீட்டில் என்னோடு மட்டும் வாதாட மாட்டார். ‘ஆமாம்மா, நீ சொல்றதுதான் சரி’ என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த அளவுக்கு என் தரப்பில் நியாயம் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். டெல்லியில் ஒரு நாடாளுமன்றக் குழு. அந்தக் குழுவுக்கு ஒரு துணைக்குழு. நாட்டில் தேர்தல் சரியாக நடக்கிறதா, மக்கள் ஏன் ஓட்டுப் போட வருவதில்லை, என்ன செய்தால் வருவார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது அதன் வேலை. சும்மா உட்கார்ந்து ஆராய முடியுமா? அதனால் ஆய்வுப் பயணம். சிம்லா போனார்கள். டார்ஜிலிங் போனார்கள். மூணாறு போனார்கள். போன மாதம் ஏற்காடு வந்தார்கள். ஓட்டுப் போடாத ஜனங்கள் எல்லாம் குளிர்ப் பிரதேசத்தில்தான் இருக்கிறார்கள் போல.

‘பொதுமக்கள், மாணவர்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம்’ என்று எங்கள் துறைக்குத் தகவல் வந்தது. துறைத் தலைவர் அறவாழி சார் வகுப்பில் கேட்டார்: “யாராவது ரெண்டு பேர் போங்க. கொஞ்சம் அதிகம் பேசாதவங்களா இருந்தா நல்லது.” மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சார் என்னைப் பார்க்கவே இல்லை, பெருமூச்சு விட்டு என் பெயரை எழுதிக்கொண்டார். தகுதிக்கு முன்னால் யார் என்ன செய்ய முடியும்?

இரண்டாவது ஆளாக நான்தான் மாதேசுவைச் சேர்த்தேன். மாதேஸ்வரி, ஹாஸ்டலில் என் ரூம்மேட். விலங்கியல் படிக்கிறாள், மீன் அறுப்பாள். மூலக்கரட்டுக்காரி. அதிகம் பேசமாட்டாள். நான் பேசுவேன், அவள் கேட்பாள், அப்படியே இரண்டு வருடம், ஒரு சண்டை கிடையாது. ராத்திரியானால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். சைனஸ், பாவம்.

அவள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. சொல்கிறேன். மூலக்கரட்டுக்கு மூன்று பக்கம் அணைத் தண்ணீர். ஊரில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது, அதில்தான் ஓட்டுச்சாவடி. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் ஓட்டுச்சாவடி எப்படி வைப்பது என்று அதைத் தண்ணீருக்கு அக்கரையில் அத்திமேட்டுக்குக் கொண்டுபோனார்கள். வரைபடத்தில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து ஊர். நடுவில் இருக்கிற தண்ணீர் வரைபடத்தில் நீலமாக இருக்கும், அது யார் கண்ணுக்கும் படவில்லை. ரோட்டு வழியாகப் போனால் இரண்டு பஸ் மாறி அரை நாள். பரிசலில் போனால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அக்கரை.

சரி, பரிசலில் போகலாம் என்று போன தேர்தலுக்கு ஊரே கரைக்கு வந்திருக்கிறது. பரிசல்காரர் ‘ஓட்டுப் போடத்தானே போறீங்க, காசு வேணாம், ஏறுங்க’ என்றிருக்கிறார். முதல் பரிசல் கிளம்புவதற்குள் பறக்கும் படை ஜீப்பில் வந்து இறங்கியது. வாக்காளர்களை இலவசமாக வண்டியில் ஏற்றுவது குற்றமாம். ‘அப்ப காசு வாங்கிக்கறேன் சாமி’ என்றிருக்கிறார். காசு வாங்கினால் உரிமம் எங்கே என்று கேட்டார்கள். பரிசலைப் பறிமுதல் செய்து ஜீப் மேல் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாதேசுவின் அம்மா கையில் வாக்காளர் அட்டையோடு கரையிலேயே உச்சிவெயில் வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாராம்.

என்னது? மாரப்பனா? பரிசல்காரர் பேர் மாரப்பன்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் எல்லாருக்கும் மாரப்பன்னுதான் பேர் வைப்பாங்க போல. இருங்க, கதை முடியல.

மறுநாள் பேப்பரில் என்ன வந்தது தெரியுமா? ‘மூலக்கரடு மக்கள் தேர்தல் புறக்கணிப்பு’. ஓட்டு விழவில்லை அல்லவா, அப்படியென்றால் புறக்கணிப்புதானே! அதோடு நிற்கவில்லை. ‘வாக்களிப்பதில் ஆர்வமற்ற கிராமங்கள்’ வரிசையில் ஊரைச் சேர்த்து, விழிப்புணர்வு நாடகக் குழு ஒன்றை அனுப்பினார்கள். அவர்கள் அத்திமேட்டிலிருந்து எப்படி வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பரிசலில். பரிசலில் வந்து இறங்கி, மேளம் அடித்து, ‘ஓட்டுப் போடச் சோம்பேறித்தனப்படலாமா பெரியம்மா?’ என்று மாதேசுவின் அம்மாவைப் பார்த்துப் பாடிவிட்டு, பரிசலிலேயே திரும்பிப் போனார்கள்.

சிரிக்காதீங்கக்கா. எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

மாதேசுவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஊர் ரேஷன் கடைக் கட்டடத்தில் ஓட்டுச்சாவடி வைக்க வேண்டும். துணைக்குழு அறிக்கையில் அது ஒரு வரி வந்துவிட்டால் வரப்போகிற தேர்தலிலேயே நடக்கும். வராவிட்டால் இன்னும் ஐந்து வருடம். அவள் அம்மாவுக்கு முட்டி தேய்ந்துகொண்டே வருகிறது, ஐந்து வருடம் கழித்துச் சாவடி வந்தாலும் போக முட்டி இருக்காது. “ஒரு வரிதான்டி சொல்லணும். சொல்லிட்டு வந்துடறேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாடாளுமன்றத் துணைக்குழு முன்னால் ஒரு வரியா? ரேஷன் கடையில் சர்க்கரை கேட்கிற மாதிரியா போய் நிற்பது? உட்கார்ந்து எழுதினேன். பத்துப் பக்கம். ஏதென்ஸ் நகரத்தில் ஆரம்பித்து, குடவோலைக்கு வந்து, விகிதாச்சாரப் பிரதிநிதித்துவத்தைத் தொட்டு, மிக நேர்த்தியாக வந்திருந்தது. மாதேசு வாங்கிப் புரட்டினாள். “எங்க ஊரு எந்தப் பக்கத்துலடி வருது?” என்றாள். எட்டாம் பக்கத்தில் வருகிறது. அடித்தளம் போடாமல் கட்டடம் கட்ட முடியுமா?

ஏற்காட்டில் ஒரு பெரிய ஓட்டல் ஹாலில் கூட்டம். காலை பத்து மணி என்று போட்டிருந்தார்கள். பத்து மணிக்குப் பொன்னாடை ஆரம்பித்தது. வணிகர் சங்கம் போர்த்தியது. ரோட்டரி போர்த்தியது. ஓட்டல் முதலாளி போர்த்தினார். பிறகு குழுத் தலைவர் எழுந்து ஓட்டல் முதலாளிக்குத் திருப்பிப் போர்த்தினார். அப்புறம் சூடாக போண்டா. அப்புறம் ‘என் வாக்கு என் பெருமை’ என்று ஒரு குறும்படம், அதில் ஒரு பெண் கிளியோடு பேசுகிறாள். பன்னிரண்டு ஆனது.

ஒன்பது பேர் குழு. ஏற்காட்டுக்கு வந்தது ஐந்து பேர். ஒருவர் மலை மேல் கோயிலுக்குப் போய்விட்டார், இன்னொருவர் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கப் போய்விட்டார். மீதி மூன்று. நடுவில் தலைவர் ஹரிநந்தன் பாபு, வடக்கத்திக்காரர், அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். இடது பக்கம் ஆந்திராவிலிருந்து வரலக்ஷ்மம்மா, வயதானவர், பருத்திப் புடவை, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார். வலது பக்கம் நம்ம ஊர் உறுப்பினர் முத்துவேலாயுதம். அவர் வந்ததும் கண்ணை மூடினார். எல்லாருக்கும் நிம்மதி. ஏனென்றால் அவர் தூங்கினாலும் கணக்கில் உண்டு.

கணக்கு என்றால் என்ன என்று கேட்கமாட்டீர்களா? கோரம். சட்டசபை, நாடாளுமன்றம், குழு எதுவானாலும் குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்று ஒரு எண்ணிக்கை உண்டு, அதற்குப் பெயர் கோரம். மூன்றில் ஒரு பங்கு. ஒன்பது பேர் குழுவுக்கு மூன்று பேர். மூன்று பேர் இருந்தால்தான் குழு. இரண்டு பேர் என்றால் அது சும்மா இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடிப்பது. இதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் முழுசாகப் படித்திருந்தேன். அங்கே இருந்தவர்களில் அதைப் படித்த ஒரே ஆள் நான்தான் என்று சத்தியமாகச் சொல்வேன்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார்கள். ஜனநாயகத்தை மூன்று நிமிடத்தில் எப்படிச் சொல்வது? ஏதென்ஸைத் தாண்டுவதற்குள் மணி அடித்தார்கள். குடவோலைக்கு ஒரு முறை அடித்தார்கள். அப்புறம் மணி அடிக்கிற குமாஸ்தா கையிலேயே வைத்துக்கொண்டு விடாமல் அடித்தார், ஐஸ் வண்டிக்காரர் மாதிரி. நான் நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்திவிட்டார், நான் நிறுத்தவில்லை. தலைவர் கடைசியில் “பஹுத் அச்சா, பஹுத் அச்சா” என்று இரண்டு கையையும் கூப்பினார். அப்படிக் கும்பிட்டு யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

மணி ஒன்றை நெருங்கிவிட்டது. பக்கத்து ஹாலிலிருந்து பிரியாணி வாசனை. தலைவர் பைலை மூடினார். அப்போது வரலக்ஷ்மம்மா கையைத் தூக்கி, “ஆ பொண்ணு, அங்க, சுவரோரம். பொழுதுல இருந்து நிக்கிது. ஏமி சொல்லணும்? சொல்லும்மா” என்றார்.

மாதேசு முன்னால் வந்தாள். நான் எழுதிக் கொடுத்த பத்துப் பக்கத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள். கவனியுங்கக்கா, வைத்துவிட்டு வந்தாள். தெளிவாகத்தான் ஆரம்பித்தாள்: “அம்மா, எங்க ஊர் மூலக்கரடு. நாங்க ஓட்டுப் போடமாட்டோம்னு சொல்லலைங்கம்மா. எங்களுக்கு…”

சரியாக அந்த நேரத்தில் முத்துவேலாயுதம் கண் விழித்தார். வாட்ச்சைப் பார்த்தார். எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விட்டார்.

நாற்காலி காலி. நான் பார்த்தேன். இரண்டு பேர்! இரண்டே பேர்! மாதேசு பேசுகிறாள், அங்கே குழுவே இல்லை! அவள் சொல்வது ஒன்றும் செல்லாது, காற்றில் போகிறது! என் தோழிக்கு இப்படி ஒரு அநியாயம் நடக்க நான் விடுவேனா? நாற்காலி மேல் ஏறாத குறையாக எழுந்து நின்று கத்தினேன்:

“ஒழுங்குப் பிரச்சினை! கோரம் இல்லை!”

தலைவர் காதில் குமாஸ்தா குனிந்து ஏதோ சொன்னார். தலைவர் காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உண்மையைக் கண்டால் சில பேருக்கு முகம் அப்படித்தான் மலரும்.

வரலக்ஷ்மம்மா, “அவரு பாத்ரூம்தானே போயினாரு. ரெண்டு நிமிஷம். பொண்ணு சொல்லட்டும்” என்றார்.

நான் விடவில்லை. “ரெண்டு நிமிஷமா இருந்தாலும் விதி விதிதான் மேடம். நாளைக்கே இவ சொன்னது செல்லாதுன்னு ஒருத்தர் கேள்வி எழுப்பினா என்ன பண்ணுவீங்க?”

“யாரு எழுப்புவாங்க?”

“நானே எழுப்புவேன்!”

தலைவர் கை தட்டினார். ‘இந்தப் பெண் சொல்வது முற்றிலும் சரி. இப்படிப்பட்ட இளைஞர்கள்தான் தேசத்துக்குத் தேவை. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது’ என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் பிரியாணி ஹாலுக்குப் போய்விட்டார்கள். முத்துவேலாயுதம் ஈரக் கையை உதறிக்கொண்டு வந்து, “முடிஞ்சிடுச்சா? அட, நல்லதா போச்சு” என்றார்.

யோசித்துப் பாருங்கக்கா. ஒரு எம்.ஏ. மாணவி நாடாளுமன்றத் துணைக்குழுவையே நிறுத்திவிட்டாள்! மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. இந்தாங்க, செல்போன்ல இருக்கு, பாருங்க. நடுவில் கை நீட்டிக்கொண்டிருப்பது நான். ஓரத்தில் தெரிகிற முழங்கை மாதேசு.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் தொடரும் என்றுதான் நினைத்தேன். நிகழ்ச்சி நிரலில் அடுத்து ‘ஏரி கள ஆய்வு’ என்று இருந்தது. போய்ப் பார்த்தால் தலைவரும் முத்துவேலாயுதமும் மிளகுக்காரரும் கோயில்காரரும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு அன்னப்பறவைப் படகில் மிதிக்கிறார்கள். கரையில் போலீஸ் காவல். மாதேசு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

“எங்கம்மா ஏற இருந்த பரிசலைத்தான்டி ஜீப்ல கட்டி எடுத்துட்டுப் போனாங்க” என்றாள்.

“அருமையான வாதம் மாதேசு! இதை நீ முன்னாடியே சொல்லியிருந்தா ஒன்பதாம் பக்கத்துல சேர்த்திருப்பேன்” என்றேன்.

அவள் பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மலை இறங்குகிற வரைக்கும் எடுக்கவில்லை. வளைவுக்கு வளைவு நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மறுநாள் வார்டனிடம் போய் ரூம் மாற்றிக்கொண்டாள். ‘ரூம்ல காத்து வரல’ என்று காரணம் எழுதியிருக்கிறாள். எங்கள் ரூமில் இரண்டு ஜன்னல்! இப்போது ஒரு மூலை ரூமில், விடிய விடிய இருமுகிற ஒரு பெண்ணோடு இருக்கிறாள். அங்கே காற்று வருகிறதாம். பஞ்சு கூட வைப்பதில்லையாம்.

என் வருத்தம் அதுதான் அக்கா. நான் செய்தது தப்பு என்றால் வரட்டும், உட்காரட்டும், என் தப்பு என்ன என்று சொல்லட்டும், நான் பதில் சொல்கிறேன். எதுவும் சொல்லாமல் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனால் அது என்ன நியாயம்? வாதத்துக்கே வராதவளிடம் எப்படி ஜெயிப்பது? அப்பாவிடம் சொன்னேன். “நீ ஜெயிச்சுட்டியாம்மா?” என்றார். “ஜெயிச்சுட்டேன்ப்பா” என்றேன். “அப்ப சரி” என்று செருப்பைத் தேடினார்.

என்னக்கா, கூடையை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? மாலை நசுங்கிடும். ஏன் இன்னிக்குப் போறேன்னு சொல்லிடறேன், அதோடு முடிஞ்சது. அதுதான் முக்கியம்.

நேற்று மெஸ்ஸில் இட்லிக்கு நிற்கும்போது காதில் விழுந்தது. அன்றைக்கு ஓட்டலில் கை கழுவுகிற இடத்தில் வரலக்ஷ்மம்மா மாதேசுவைப் பார்த்துப் பேசியிருக்கிறார். அங்கேயே அவள் சொல்ல வந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கிறாள். குழாயடியில்! நாடாளுமன்ற விவகாரத்தைக் குழாயடியில்! போன் நம்பரும் வாங்கிக்கொண்டாராம். இன்றைக்குப் பதினொரு மணிக்கு அந்த அம்மா மூலக்கரட்டுக்கு நேரில் வருகிறாராம். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். ரேஷன் கடைக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, அதிகாரியையும் ஏற்றிக்கொண்டு பரிசலிலேயே அக்கரைக்குப் போய்க் காட்டப்போகிறாராம். அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டால் அறிக்கையில் சேர்த்துவிடலாமாம், இந்த வாரம் விட்டால் அறிக்கையை முடித்துவிடுவார்களாம். மாதேசு நேற்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஊருக்காகப் பத்துப் பக்கம் எழுதின எனக்கு!

அது போகட்டும். சொந்த மன வருத்தத்தை நான் இதில் கலக்கவில்லை. கேள்வி வேறு. வருகிறவர் எத்தனை பேர்? ஒருவர். ஒரே ஒருவர்! மூன்று பேர் இருந்தால்தான் குழு என்று நான் ஏற்காட்டில் நிலைநாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கே கை தட்டினார்கள். ஒருவர் எப்படிக் குழு ஆவார்? தலைவரின் அனுமதி எங்கே? தீர்மானம் எங்கே? நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதுமா?

அதனால்தான் போகிறேன். ஊர் மொத்தமும் கூடியிருக்கும்போது எழுந்து நின்று மரியாதையாகச் சொல்லப்போகிறேன்: ‘அம்மா, உங்கள் நோக்கம் உயர்ந்தது, ஆனால் இது செல்லாது. முறைப்படி ஒன்பது பேரையும் வரவழையுங்கள்.’ அந்த அதிகாரி காதில் ‘செல்லாது’ என்கிற ஒரு வார்த்தை விழுந்தால் போதும். அவரே பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடுவார். அப்புறம் எல்லாம் சரியான வழியில், முதலிலிருந்து ஆரம்பிக்கும். தாமதமாகும்தான். ஐந்து வருடம் கூட ஆகலாம். ஆனால் அப்போது யாரும் கேள்வி கேட்க முடியாது பாருங்கள். மாதேசு முதலில் கோபப்படுவாள். அப்புறம் புரிந்துகொள்வாள்.

என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? வயித்தைப் புரட்டுதா? எலுமிச்சம்பழம் வேணுமா? இல்லையா? சரி, என் பேச்சு முடிஞ்சது. இப்ப நீங்க சொல்லுங்க. நான் ஒருத்தர் பேசும்போது குறுக்கே வரவே மாட்டேன்.

எங்க இறங்கறதுன்னா? மூலக்கரட்டுலதான். தெரியலையே, போர்டு இருக்குமில்ல? போர்டு விழுந்துடுச்சா? செல்போன்ல சிக்னலும் இல்லை. அப்படியா? கடைசி ஸ்டாப்பா? பஸ் திரும்பற இடமா? அது வரைக்கும் எழுந்திரிக்கவே வேண்டாமா? அய்யோ, நல்லவேளை கேட்டேன்! நான் பாட்டுக்கு நடுவில் எங்கேயாவது இறங்கித் தொலைந்திருப்பேன்.

கண்டக்டர்கிட்டயும் நீங்களே சொல்லிடறீங்களா? அண்ணே, இந்த அக்கா என்னவோ சொல்றாங்க பாருங்க. ஆமாம், கடைசி ஸ்டாப். ஏன்ணே சிரிக்கிறீங்க? திரும்ப பஸ் சாயங்காலம்தானா? பரவாயில்லைண்ணே, எனக்கு அங்கேயே நிறைய வேலை இருக்கு.

பார்த்தீங்களா அக்கா, இதைத்தான் மக்கள் பங்கேற்புன்னு சொல்றேன். ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் பொறுமையா உட்கார்ந்து கேக்கறது. மாதேசுவுக்கு மட்டும் உங்களை மாதிரி ஒரு குணம் இருந்திருந்தா!

என்ன, இறங்கறீங்களா? உங்க ஊர் வந்துடுச்சா? இருங்க, கூடையை நான் பிடிக்கிறேன், மெதுவா. அம்மாடி, என்னக்கா இது, இந்தச் சின்ன ஊர்ல இவ்வளவு கூட்டம்? கல்யாணமா? வெள்ளைக் கார் நிக்குது, ஜீப் வேற. ரோட்டோரமா பரிசலெல்லாம் கவிழ்த்து வச்சிருக்காங்க. இந்தப் பக்கம் எல்லா ஊர்லயும் பரிசல் உண்டு போல. அதோ அந்தப் பருத்திப் புடவை அம்மாவுக்கா மாலை? கோயிலுக்குன்னு சொன்னீங்களே? இல்லை, நீங்க சொல்லலை, நான்தான் சொன்னேன். அவங்க பக்கத்துல நீலத் துப்பட்டா போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குது பாருங்க, மாதேசுகிட்டயும் இதே மாதிரி நீலத் துப்பட்டா ஒண்ணு இருக்கு. திரும்ப மாட்டேங்குதே.

அக்கா! அக்கா! உங்க பேரைக்கூடக் கேக்கலையே!

போயிட்டாங்க. கை காட்டறாங்க பாருங்க. நல்ல அக்கா.

கண்டக்டர் அண்ணே, கடைசி ஸ்டாப்புக்கு இன்னும் எவ்வளவு நேரம்? முக்கால் மணி நேரமா? சரி, சரி. டிக்கெட் எல்லாம் குடுத்து முடிச்சாச்சுல்ல? சும்மாதானே நிக்கிறீங்க, இப்படி உட்காருங்க. அண்ணே, கோரம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?